கொசுதான் காரணமா? சார்லட்ஸ்வில்லில் சில பழைய கடிதங்கள்

அமெரிக்காவில் சார்லட்ஸ்வில் என்றால் எல்லாரும் முன்னாள் அதிபர் ஜெஃபர்சன் வீட்டைப் பார்க்கத்தான் போவார்கள். மலைமேல் இருக்கும் அந்த மான்டிசெல்லோவுக்கு நாங்களும் போனோம், நன்றாகத்தான் இருந்தது, அதைப் பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் கிளாட் மூர் மருத்துவ நூலகத்தைப் பற்றி. மஞ்சள் காய்ச்சல் எப்படிப் பரவுகிறது என்று கண்டுபிடித்தவர்களும், அதற்காகத் தங்கள் உடம்பைக் கொடுத்தவர்களும், அவர்களுடைய மனைவி மக்களும் எழுதிய கடிதங்கள் அங்கே பெட்டி பெட்டியாக இருக்கின்றன.

ஆப்பிரிக்காவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் ஊசி போட்டுக்கொண்டு ஒரு மஞ்சள் அட்டை வாங்குவார்களே, அதே காய்ச்சல்தான். பரப்புவதும் நம் ஊரில் டெங்குவைப் பரப்புகிற அதே ஏடிஸ் கொசு.

வாஷிங்டன் பக்கமிருந்து 29ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே போனால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட ஆகும். வாரன்டன், கல்பெப்பர் தாண்டியதும் வலது பக்கம் புளூ ரிட்ஜ் மலைகள் தெரிய ஆரம்பிக்கும், அதுவரை வெறும் பெட்ரோல் பங்க்கும் சிக்னலும்தான். அண்ணியும் கூட வந்தார். அவர் நர்ஸ், இருபது வருஷமாக வார்டில் வேலை பார்க்கிறவர், "லீவு நாள்ல கூட ஆஸ்பத்திரிக்கா கூட்டிட்டுப் போறே?" என்று கேட்டுக்கொண்டேதான் வந்தார்.

சரி, கதை என்னவென்றால், 1900இல் கியூபா அமெரிக்க ராணுவத்தின் கையில் இருந்தது. ஸ்பெயினோடு நடந்த போரில் குண்டுபட்டுச் செத்தவர்களைவிட நோயில் செத்த சிப்பாய்கள்தான் அதிகம், அதனால் வால்டர் ரீட், ஜேம்ஸ் கேரல், ஜெசி லஸீர், அரிஸ்டிடெஸ் அக்ரமோன்டே என்று நான்கு மருத்துவர்கள் கொண்ட குழுவை ராணுவம் அங்கே அனுப்பியது. கொசுதான் பரப்புகிறது என்று ஹவானா மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே 1881இலேயே சொல்லிவிட்டார், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, அவராலும் சோதனையில் உறுதியாக நிரூபிக்க முடியவில்லை. நோயாளியைக் காய்ச்சலின் முதல் சில நாட்களுக்குள் கடித்த கொசுவாக இருக்க வேண்டும், அப்புறம் கிட்டத்தட்ட 12 நாள் கழிந்தால்தான் அந்தக் கொசுவால் அடுத்தவருக்கு நோயைத் தர முடியும். இந்த நாள் கணக்கில்தான் எல்லாரும் சறுக்கினார்கள். ஃபின்லே கொடுத்த முட்டைகளிலிருந்து வளர்ந்த கொசுக்களை வைத்துத்தான் ரீடின் குழு வேலையைத் தொடங்கியது.

இந்தக் கடிதங்கள் வர்ஜீனியாவுக்கு வந்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது, ரீட் இங்கே படித்தவர், 1869இல் 17 வயதிலேயே மருத்துவப் பட்டம் வாங்கியவர். ஆனால் அவற்றைத் தேடிப் பிடித்துச் சேர்த்தவருக்கும் இந்த ஊருக்கும் சம்பந்தமில்லை. மினசோட்டாவில் மேயோ கிளினிக்கில் மூட்டுவலி பார்த்துக்கொண்டிருந்த பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர் அவர். கார்டிசோன் மருந்துக்காக 1950இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அதே ஹென்ச். மஞ்சள் காய்ச்சல் அவருடைய துறையே இல்லை. லஸீர் படித்த கல்லூரியில் அவர் பெயரில் ஒரு கட்டடம் கட்டத் திட்டமிட்டார்கள், அந்தக் கல்லூரித் தலைவர் ஹென்ச்சின் நண்பர், அதற்காகச் சில தகவல்களைச் சரிபார்க்கலாமே என்று ஆரம்பித்ததுதான். அது 1930களின் பிற்பகுதி. அந்தச் சோதனைகளுக்கு முதலில் முன்வந்த இருவர், ஜான் கிஸ்ஸிங்கர், ஜான் மோரன், இருவருமே அப்போது உயிரோடு இருந்தார்கள். இருவருக்கும் எழுதினார். பதில்கள் வந்தன, இவர் சொன்னதும் அவர் சொன்னதும் ஒத்துப்போகவில்லை.

நம்மில் பலர் அந்த இடத்தில் விட்டிருப்போம். ஹென்ச் அங்கேதான் ஆரம்பித்தார். கியூபாவில் அப்போது இருந்த ராணுவ மருத்துவர்கள், லஸீரின் மனைவி, ரீடின் மகள் என்று யார் யார் மிச்சமிருந்தார்களோ எல்லாருக்கும் கடிதம் போட்டார். அங்கே யார் இருந்தது, எந்த நாள், எந்த அறை, உங்களிடம் பழைய கடிதம் இருக்கிறதா, படம் இருக்கிறதா என்று விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். 1940இல் ஹவானாவுக்கே போய், சோதனைகள் நடந்த, எல்லாரும் மறந்துவிட்ட லஸீர் முகாம் இருந்த இடத்தைத் தேடினார். சிப்பாய்கள் நோயாளிகளின் வாந்தி படிந்த படுக்கையில் 20 இரவு படுத்தார்களே, அழுக்குத் துணியால் நோய் வராது என்று காட்டிய அந்த மரக்கட்டடம், அது அப்போதும் ஒரு பண்ணையில் நின்றுகொண்டிருந்தது. 1952இல் கியூப அரசு அதை நினைவிடம் ஆக்கியது. 1965இல் ஹென்ச் இறந்த பிறகு அவர் மனைவி மேரி அத்தனையையும் இந்தப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்.

வாசிப்பறையில் பேனா கூடாது, பென்சில்தான், பையை வெளியே வைத்துவிட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு கோப்பு.

நான் முதலில் கேட்டது ரீட் கேரலுக்கு எழுதிய கடிதம். ஆகஸ்ட் 27ஆம் தேதி கேரல் வேண்டுமென்றே கொசுவைக் கையில் கடிக்கவிட்டு, சில நாளில் படுத்துவிட்டார், சாவுக்குப் பக்கம் போய்த் திரும்பினார். ரீட் அப்போது வாஷிங்டனில் வேறு வேலையாக இருந்தார். பிழைத்துக்கொண்டார் என்று தெரிந்ததும் செப்டம்பர் 7ஆம் தேதி எழுதுகிறார், மகிழ்ச்சி, நிம்மதி, எல்லாம் இருக்கிறது, உண்மையான பாசம்தான், ஆனால் எழுதி முடித்தும் மனசு கேட்கவில்லை, பின்பக்கம் திருப்பி ஒரு கேள்வியைச் சேர்க்கிறார்: கொசுதான் காரணமா? எனக்கு இந்த ஒரு வரி போதும். ஆய்வுக் கட்டுரையில் இந்த அவசரம் எங்கே இருக்கும்?

அதற்கு மறுநாள், செப்டம்பர் 8, லஸீர் தன் மனைவிக்கு எழுதுகிறார். உண்மையான கிருமியின் தடம் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன், ஆனால் யாரிடமும் மூச்சு விடாதே என்கிற மாதிரி. செப்டம்பர் 25ஆம் தேதி 34 வயதில் லஸீர் மஞ்சள் காய்ச்சலில் இறந்துபோனார். அப்போதுதான் பிறந்திருந்த குழந்தையை அவர் பார்க்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் ஏதோ ஒரு கொசு தற்செயலாகக் கடித்தது என்பது அப்போது சொல்லப்பட்ட கணக்கு, தன்மேல் தானே சோதித்துக்கொண்டார் என்ற சந்தேகம் இன்றுவரை தீரவில்லை. கடிதத்தைப் படித்தால் நமக்கும் அந்தச் சந்தேகம் வரத்தான் செய்கிறது.

ரீட் தன் மனைவி எமிலிக்கு எழுதியவை வேறு ரகம். டிசம்பரில் லஸீர் முகாமில் சோதனை பலித்ததும், தொண்டை அடைப்பானுக்கான மருந்தும் ராபர்ட் காக் என்ற ஜெர்மன் மருத்துவர் கண்டுபிடித்த காசநோய்க் கிருமியும் நீங்கலாக இந்த நூற்றாண்டின் முக்கியமான வேலை இதுதான், நீயும் என்னோடு சந்தோஷப்படு என்று எழுதுகிறார். வெளியே அடக்கமான ராணுவ அதிகாரி, வீட்டுக்காரம்மாவிடம் மட்டும் இப்படி ஒரு தற்பெருமை! எனக்கு மனிதரை ரொம்பப் பிடித்துவிட்டது. 1900 டிசம்பர் 31, இரவு 11:50க்கு எழுதியதுதான் புகழ்பெற்றது: மனிதத் துன்பத்தைக் குறைக்க ஏதாவது செய்ய வேண்டும் என்ற இருபது வருஷப் பிரார்த்தனை பலித்துவிட்டது என்கிறார், எழுதும்போதே 24 பேர் சேர்ந்து ஊதும் எக்காளச் சத்தம் கேட்கிறது, அதையும் எழுதிவிடுகிறார். இரண்டு வருஷம் கூட முடியவில்லை, 1902 நவம்பரில் குடல்வால் அழற்சி முற்றிப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இத்தனை நேரமும் சும்மா பார்த்துக்கொண்டிருந்த அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தது அந்த ஒப்பந்தத் தாளில்தான். கியூபாவுக்குப் பிழைக்க வந்த ஸ்பானியர்களையும் சோதனைக்கு எடுத்தார்கள், கையெழுத்து வாங்கிக்கொண்டு. அன்டோனியோ பெனிக்னோ என்பவருடையது இங்கே இருக்கிறது. ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் உண்டு. உயிருக்கு ஆபத்து ஓரளவு உண்டு, ஆனால் இந்தத் தீவில் இருந்தால் எப்படியும் காய்ச்சல் வரத்தான் போகிறது, அதற்கு நல்ல வைத்தியத்தோடு இங்கே வரவைத்துக்கொள்ளலாம் என்று விரும்புகிறார் என்று எழுதியிருக்கிறது. 100 டாலர் தங்கத்தில், காய்ச்சல் வந்தால் இன்னும் 100.

"ஆபத்துன்னு எழுதிட்டாங்க, அது பெரிய விஷயம்" என்றார் அண்ணி. "ஆனா எப்படியும் வரத்தான் போகுதுன்னு சொல்லி வாங்குறது இருக்கே, அது சம்மதமா பயமுறுத்தலா?" நாங்கள் திரும்பி வரும்போது கல்பெப்பர் வரை இதையேதான் பேசினோம். எழுத்தில் சம்மதம் வாங்கியதில் இது முன்னோடி என்று மருத்துவ உலகம் இதைப் பாராட்டுகிறது, அதை நானும் மறுக்கவில்லை. ஆனால் ரீடும் கேரலும் லஸீரும் என்ன நினைத்தார்கள் என்பதை அவர்கள் எழுத்திலேயே அன்று படித்தேன். பெனிக்னோ பேரில் நான் படித்தது யாரோ எழுதிக்கொடுத்த இந்தத் தாள் மட்டும்தான்.

இதையெல்லாம் சேர்த்து ஹென்ச் ஒரு பெரிய வரலாறு எழுத நினைத்தார், கடைசிவரை எழுதி முடிக்கவில்லை. எனக்கென்னவோ அதில் வருத்தமில்லை. எழுதியிருந்தால் கிஸ்ஸிங்கர் சொன்னதா மோரன் சொன்னதா என்று ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்திருப்பார், இப்போது இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கிறது.

போவதாக இருந்தால் முன்கூட்டியே நூலகத்துக்கு எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள், மருத்துவமனைப் பக்கம் கார் நிறுத்தச் சுற்ற வேண்டியிருக்கும், அதற்கும் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். போக முடியாதவர்களுக்குப் பெரும்பகுதியை இணையத்திலும் போட்டிருக்கிறார்கள். எல்லாரும் ரீடின் புத்தாண்டுக் கடிதத்தைத்தான் முதலில் திறப்பார்கள், நீங்கள் ஹென்ச்சுக்குக் கிழவர்கள் எழுதிய பதில்களில் ஆரம்பியுங்கள், சண்டை எல்லாம் அங்கேதான் இருக்கிறது.