கழற்றிவிட்ட பெட்டி

கூட்டத்திலிருந்து ஒருவரை நைசாக ஒதுக்கினால் ‘கழற்றிவிட்டார்கள்’ என்போம். என்னை ஒரு ரயிலே கழற்றிவிட்டது.

மியூனிக் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. 2023 மே மாதம் மாதத்துக்கு 49 யூரோ டிக்கெட் வந்தது. ஜெர்மனி முழுக்க உள்ளூர், வட்டார ரயில் எதிலும் ஏறலாம். காசைக் கட்டிவிட்டு வீட்டில் உட்கார மாயவரத்துக்காரிக்கு மனசு வருமா? ஜூனில் ஒரு சனிக்கிழமை, டேகர்ன்சே ஏரியைப் பார்க்கத் தனியாகக் கிளம்பினேன். ஜன்னலோரம் பிடித்து, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு மணி நேரத்தில் ஏரி தெரிந்தது. இறங்கினேன். படம் எடுத்துக் குடும்பக் குழுவில் ‘டேகர்ன்சே!’ என்று போட்டேன். அப்புறம்தான் ஸ்டேஷன் பலகையைப் பார்த்தேன். ஷ்லியர்சே என்றிருந்தது.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் இரண்டு கைகளையும் சேர்த்துவைத்துப் பிரித்துக் காட்டினார். ஹோல்ஸ்கிர்ஷனில் ரயிலைப் பிரிப்பார்களாம். ஒரு பகுதி இந்தப் பக்கம் பைரிஷ்செல் வரை போகும். மிச்சம் ஷாஃப்ட்லாக் போய், அங்கே மறுபடி பிரிந்து, ஒன்று டேகர்ன்சேக்கும் இன்னொன்று லெங்ரீஸுக்கும் போகும். பெட்டிக்குள் எழுதித்தான் இருந்தது. ஒலிபெருக்கியிலும் சொல்லியிருப்பார்கள். நான் இட்லியில் இருந்தேன்.

முதலில் சிரிப்புதான் வந்தது. பக்கத்தில் திரும்பினால் சேர்ந்து சிரிக்க ஆள் இல்லை. அங்கேதான் தொண்டையை அடைத்தது.

எங்கள் வீட்டில் துணை இல்லாமல் பெண்பிள்ளை ஊர் எல்லை தாண்டியதில்லை. கும்பகோணத்தில் ஒரு பரீட்சை என்றாலும் துணை வேண்டும். அந்தத் துணை, என் பத்து வயதுத் தம்பி. குத்தாலம் வரும்வரை ஜன்னல் சண்டை. நரசிங்கன்பேட்டையில் பசி. ஆடுதுறையில் என் தோளில் எச்சில் ஒழுகத் தூக்கம். திருநாகேஸ்வரத்தில் நான்தான் உலுக்கி எழுப்ப வேண்டும். யார் யாருக்குத் துணை என்று அப்பாவிடம் ஒரு தடவை கேட்டேன். “ஆம்பளப் புள்ள ஒண்ணு கூட இருக்கட்டும்” என்றார்.

அவன் தூங்கினாலும் பெட்டி தூங்காது. எதிர் சீட்டு அம்மா ‘யார் வீட்டுப் பொண்ணு?’ என்று ஆரம்பித்தால், திருவிடைமருதூர் வருவதற்குள் என் அத்தையின் ஓரகத்திவரை போய்விடுவார். அப்போது எரிச்சலாக இருக்கும். இங்கே இரண்டு வருடத்தில் ஒருவர்கூட என்னை ‘எங்கே போகிறாய்?’ என்று கேட்கவில்லை. நாகரிகம்தான், தெரிகிறது. அதற்காக ஒரு தடவைகூடவா?

சரி, வந்தது வந்தாயிற்று. ஐப்பசி முழுக்க வர முடியாமல் கார்த்திகை ஒன்றாம் தேதி வந்து சேர்ந்தவனுக்கும் எங்கள் ஊர்த் துலாக்கட்டத்தில் முடவன் முழுக்கு உண்டே. அந்தத் தைரியத்தில் ஷ்லியர்சேயிலேயே கால் நனைத்தேன். ஜூன் மாதத்திலும் தண்ணீர் ஐஸ்.

அப்போது அம்மாவின் போன். “போட்டோ பாத்தேன். கூட யாருடி?”

“ஆபீஸ்ல ஒரு பொண்ணும்மா. கன்னடப் பொண்ணு.” எங்கிருந்து வந்தது அந்தப் பொய், எனக்கே தெரியவில்லை. அம்மாவின் மூச்சு இறங்கியது காதில் கேட்டது. படத்தையும் நான் திருத்தவில்லை. வீட்டில் இன்றுவரை அது டேகர்ன்சேதான்.

அதற்கப்புறம் வாராவாரம் போனேன். எந்தப் பெட்டி எங்கே பிரியும் என்று இப்போது புதிதாய் வருகிறவர்களுக்கு நான் சொல்கிறேன். தனியாக உட்கார்ந்து காபி குடிக்கக் கூச்சமில்லை, அந்தக் காபிதான் காபியாக இல்லை. மலையும் பழகியது. டெல்டாக்காரிக்குத் தெரிந்த மலை சுவாமிமலை ஒன்றுதான், அதுவும் 60 படிக் கட்டுமலை. இங்கே மூச்சு வாங்கும்போது பிரபவ, விபவ என்று எண்ணிக்கொண்டே ஏறுவேன். அட்சய வந்த பிறகும் உச்சி வராது. தனியாகப் போவதெல்லாம் பழகிவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். ஆனால் ரயில் நகரும்போது, யாருமில்லாத பிளாட்பாரத்தைப் பார்த்துக் கை தானாக உயர்ந்துவிடுகிறது.

கன்னடப் பொண்ணும் எல்லாப் பயணத்திலும் கூட வந்தாள். ஆகஸ்டில் குறுவை கருகிக்கொண்டிருந்தபோது அம்மா, “அவகிட்ட சொல்லி அவங்க ஊர்ல கொஞ்சம் தண்ணி தொறந்துவிடச் சொல்லேன்” என்றார். கேலியா, நிஜமா என்று பிரிக்க முடியாத குரல். “சொல்றேம்மா” என்றேன். மேட்டூரில் ஜூன் 12 திறந்தும் கடைமடைக்கு எட்டாத தண்ணீருக்கு, இல்லாத ஒருத்தி என்ன செய்வாள்?

பொங்கலுக்கு ஊர் போய்த் திரும்பிய ஒருவர் கையில் அம்மா கொடுத்தனுப்பியிருந்தார். கூழ் வடகம், மோர் மிளகாய், எல்லாம் இரண்டிரண்டு பொட்டலம். ஒன்றில் என் பெயர். இன்னொன்றில் அம்மாவின் கோணல் எழுத்தில் ‘கன்னடப் பொண்ணுக்கு’.

அடுத்த வாரமே கேட்டார். “காரம் ஒத்துக்கிச்சாடி அவளுக்கு?”

“ரொம்பப் பிடிச்சுதாம்மா” என்றேன், தயிர் சாதத்துக்கு இரண்டாவது பொட்டலத்தைப் பிரித்தபடி.