தெருக்குட்டி எடுக்கிறீர்களா? முதலில் ஊசி அட்டையைப் பாருங்கள்

தெருநாய்க் குட்டியைக் கையில் கொடுக்கும்போதே "முதல் ஊசி போட்டாச்சுங்க" என்று ஒரு மடிப்பு அட்டையையும் சேர்த்துக் கொடுப்பார்கள். கொஞ்சுவதை இரண்டு நிமிடம் தள்ளிவைத்துவிட்டு அந்த அட்டையைப் பிரித்துப் பாருங்கள். எங்களுக்கு வந்ததில் ஒரு தேதியும் பேனாக் கிறுக்கலும் இருந்தன. மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டவேண்டிய ஸ்டிக்கர் இல்லை, டாக்டரின் பதிவு எண் இல்லை, முத்திரையும் இல்லை. அடுத்த ஊசிக்குப் போன கிளினிக்கில் மேசையில் இருந்த பெண் அதைப் புரட்டக்கூட இல்லை. "பேட்ச் நம்பர் இல்லைங்க சார், இது செல்லாது. முதல்லருந்து போடணும்." ஊசி போட்டதாகச் சொன்ன இடத்துக்கே திரும்பிப் போய்க் கேட்டால், "அன்னைக்கு இருந்த டாக்டர் இப்ப இங்க வர்றதில்லைங்க" என்று முடித்துவிட்டார்கள். சேலத்தில் அஸ்தம்பட்டியிலிருந்து கொண்டலாம்பட்டி வரை மதிய வெயிலில் ஆட்டோவில் அலைந்ததுதான் மிச்சம்.

எரிச்சல் வந்தாலும் அந்தப் பெண் சொன்னது சரி. எந்த மருந்து, எந்த பேட்ச், காலாவதி எப்போது என்பதெல்லாம் ஸ்டிக்கரில்தான் இருக்கிறது. வெறுமனே 'ஊசி' என்று பேனாவில் எழுதியிருந்தால் அது சின்னக் குட்டிக்குப் போடும் பப்பி டிபியா, பல நோய்க்குச் சேர்த்துப் போடும் செவன் இன் ஒன்னா, வெறிநோய் ஊசியா என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. கருத்தடை ஆபரேஷனுக்கும், ஊருக்குப் போகும்போது விட்டுச்செல்லும் போர்டிங்குக்கும், உரிமம் வாங்கவும் முதலில் நீட்டவேண்டியது இந்த அட்டைதான். வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து வையுங்கள்; பாதி அட்டையைக் குட்டியே மென்றுவிடும். ஒரே ஆறுதல், மறுபடி முதலிலிருந்து போட்டால் பணம்தான் நஷ்டம், கூடுதல் டோஸால் குட்டிக்குக் கெடுதல் இல்லை.

வரிசை இதுதான்: ஆறு வாரத்தில், இங்கே எல்லாரும் '45 நாள் ஊசி' என்று சொல்வது. அதன்பிறகு மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒன்று, கடைசி டோஸ் 16 வாரம் நிறைந்தபின். மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி, டாக்டர் சொல்லும் இடைவெளியில் அதற்கு ஒரு பூஸ்டர், பிறகு ஆண்டுதோறும். "ஒரு ஊசி போட்டாச்சே, போதாதா?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை அதுவே ஊசி மருந்தை முறித்துவிடும். அது எந்த வாரத்தில் வடியும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். செப்டம்பர் 28, உலக வெறிநோய் தினத்தை ஒட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவச முகாம் நடத்துவது வழக்கம். காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் வரிசையில் நாய்களுக்குள் சண்டை வரும்.

சில இடங்களில் மருந்தை வெளியே வாங்கிவரச் சொல்வார்கள். இரண்டு முதல் எட்டு டிகிரி குளிரில் இருக்கவேண்டிய மருந்து அது. சித்திரை வெயிலில் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பைக்கில் போனால் தண்ணீர் ஊசிதான் போட்டமாதிரி. ஐஸ் பொட்டலத்தோடு தெர்மாகோல் டப்பாவில் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

16 வாரம் முடியும்வரை குட்டியைத் தெரு மண்ணில் இறக்கக் கூடாது. காரணம் குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ். அது மண்ணில் மாதக்கணக்கில், சில சமயம் ஒரு வருடம்கூட உயிரோடு கிடக்கும். உங்கள் செருப்பிலேயே வீட்டுக்குள் வரும். பினாயிலுக்கு அது சாகாது. தரையை முதலில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கடையில் விற்கும் ஐந்து சதவீத திரவ பிளீச் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடைக்க வேண்டும். பிளீச்சோடு ஆசிட்டையோ பினாயிலையோ கலந்துவிடாதீர்கள். குட்டி சோர்ந்து, சாப்பாட்டை மறுத்து, வாந்தி எடுத்து, பிறகு ரத்தமாய்க் கழிந்தால் ஓமத் தண்ணீர் வைத்தியம் பார்க்காமல் அன்றே டிரிப்ஸுக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு நாள் தள்ளினால் போய்விடும்.

சாப்பாட்டில் பெரிய பாடு இல்லை. பசும்பாலை மட்டும் நிறுத்துங்கள், பேதி பாதி குறையும். இரண்டு மாதக் குட்டிக்கு நாளைக்கு நான்கு வேளை, குழைந்த சோறும் வேகவைத்த கோழியும் முட்டையும். வெந்த எலும்பு வேண்டாம், சில்லுசில்லாய் உடைந்து குடலைக் குத்தும். புழு மருந்து மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை. அளவு எடையைப் பொறுத்தது. குட்டியைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, உங்கள் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். மருந்து கொடுத்த மறுநாள் மலத்தில் நூல்நூலாய்ப் புழு நெளிந்தால் பயப்பட வேண்டாம், மருந்து வேலை செய்கிறது.

இப்போது உண்ணி. நாய் வளர்ப்பவர்களைச் சேலத்தில் அதிகம் அழவைப்பது இதுதான். குட்டியின் காதுமடிப்பிலும் விரலிடுக்கிலும் பத்து உண்ணி தெரிந்தால், அதைவிடப் பல மடங்கு சுவர் விரிசலிலும் கட்டில் காலிலும் ஜன்னல் சட்டத்திலும் இருக்கும். ரத்தம் குடித்துப் பெருத்த பெட்டை உண்ணி நாயைவிட்டு இறங்கிச் சுவரேறி, இடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். தீனி இல்லாமலே மாதக்கணக்கில் காத்திருக்கும். நாயை மட்டும் குளிப்பாட்டிவிட்டு "திரும்பவும் வந்துடுச்சே" என்பதில் அர்த்தமில்லை. விரிசல்களைச் சிமென்ட் வைத்து அடையுங்கள். படுக்கைத் துணியைக் கொதிநீரில் போடுங்கள். சுவருக்கு மருந்து அடித்தால் காயும்வரை நாயும் பிள்ளைகளும் வெளியே இருக்கட்டும். குஞ்சு பொரித்து வரும் அடுத்த கூட்டத்துக்காகச் சில வாரம் கழித்து இன்னொரு முறையும் அடிக்க வேண்டும்.

நாய்க்கு, எட்டு வாரமும் இரண்டு கிலோவும் தாண்டியிருந்தால் வாய்வழி மாத்திரை உண்டு. ஒன்று மாதத்துக்கு ஒருமுறை, இன்னொன்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை. வலிப்பு வந்த நாய் என்றால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதைவிடச் சின்னக் குட்டிக்கு ஃபிப்ரோனில் ஸ்பிரே, அதுவும் டாக்டர் சொல்லும் அளவில். கால்நடை மருந்துக்கடையில் மலிவாகக் கிடைக்கும் அமிட்ராஸ் பாட்டிலை "ரெண்டு மூடி ஊத்துங்க, நல்லா சாவும்" என்று கொடுப்பார்கள். கெட்டியாகக் கலந்து ஊற்றினால் உண்ணிக்கு முன் குட்டி மயங்கிவிடும். பால்குடி மாறாத குட்டிக்கு அது ஆகவே ஆகாது. மண்ணெண்ணெய் தடவுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். வீட்டில் பூனையும் இருந்தால் பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து கலந்த எதையும் வாசலுக்குள் விடாதீர்கள், பூனைக்கு அது விஷம். கையில் பிடுங்கிய உண்ணியை நசுக்காமல் சோப்புத் தண்ணீரில் போடுங்கள்.

உண்ணிக் காய்ச்சல் கடித்த அன்று தெரியாது. இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் நாய் படுத்தே கிடக்கும், ஈறு வெளுக்கும், சிலதுக்கு மூக்கில் ரத்தம் வரும். ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் விழுந்திருக்கும். உண்ணி பரப்பும் எர்லிக்கியா கிருமிதான் என்று தெரிந்தால் டாக்ஸிசைக்ளின் வழக்கமாக 28 நாள். ஐந்தாம் நாளே நாய் வாலாட்டிக்கொண்டு தட்டை நக்கும், உடனே மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். நோய் மறுபடி தலையெடுப்பது அங்கேதான். மாத்திரையைச் சோற்று உருண்டைக்குள் வைத்துக் கொடுத்து, மேலே கொஞ்சம் தண்ணீரும் குடிக்க வையுங்கள். வெறும் மாத்திரை தொண்டையில் நின்றால் புண்ணாகும்.

குட்டிக் கடியைப் பற்றி ஒரு வார்த்தை. பல் முளைக்கும் காலத்தில் கையைக் கடித்துக்கொண்டேதான் இருக்கும். "குட்டிதானே, அதுக்கு ஏது வெறி" என்று அக்கம்பக்கத்தில் தைரியம் சொல்வார்கள். தாய் எது, அதை எது கடித்தது என்று தெரியாத தெருக்குட்டிக்கும் வெறிநோய் இருக்கலாம். பல் பட்டுத் தோல் கிழிந்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி இலவசம். ரத்தம் வந்த காயம் என்றால் காயத்திலேயே போடும் எதிர்ப்பு மருந்தான இம்யூனோகுளோபுலினும் வேண்டும், நீங்களே கேளுங்கள். அடிக்கடி தெருநாய் தூக்குகிறவர்கள் கடிபடும் முன்பே போட்டுக்கொள்ளும் ஊசிகளை முடித்துவிட்டால் பாதித் தலைவலி போகும்.

"பொட்டக்குட்டியா கண்ணு, எதுக்கு?" என்ற கேள்வியைக் கேட்காத ஆள் இல்லை. கருத்தடை செய்துவிட்டால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. ஆறு மாதம் ஆனதும் டாக்டரிடம் பேசுங்கள். பருவத்துக்கு வந்து ரத்தம் படும் சமயத்தில் செய்தால் ரத்தப்போக்கு அதிகம், தள்ளிப்போடுவார்கள். எங்கள் விஷயத்தில் போனில் தேதி கொடுத்தவர் "காலைல ஒன்பதுக்கு வந்துடுங்க" என்றார், அவ்வளவுதான். போன பிறகு முதல் கேள்வி, "சாப்பிட்டுச்சா?" சாப்பிட்டிருந்தது. தேதி மாறியது. மயக்கத்தில் வாந்தி எடுத்தால் நுரையீரலுக்குள் போய்விடும் என்பதால் வளர்ந்த நாய்க்கு எட்டிலிருந்து 12 மணி நேரம் உணவு கூடாது, சின்னதுகளுக்குக் குறைவு. தேதி கொடுக்கும்போதே சொல்லவேண்டிய ஒரே வரி! இரண்டாவது, ஆபரேஷனுக்கு முன் பிளேட்லெட் எண்ணிக்கை பார்க்கச் சொல்லுங்கள். நாய்க்கு இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். மறைந்திருக்கும் உண்ணிக் காய்ச்சலோடு வயிற்றைத் திறந்தால் ரத்தம் நிற்காது. முடிந்தபின் பத்துப் பன்னிரண்டு நாள் கழுத்தில் கூம்புப் பட்டை கட்டாயம், ராத்திரியும்தான். தையலில் மஞ்சள் பத்துப் போடவேண்டாம்.

வளர்ந்த நாயை எடுப்பவர்கள் முதலில் காதைப் பாருங்கள். ஒரு காதின் நுனி வெட்டியிருந்தால் அது கருத்தடை ஆன நாய். இதைப் பார்க்காமல் வயிற்றைத் திறந்து, உள்ளே கருப்பை இல்லை என்று மூடியவர்கள் உண்டு. 2023ஆம் ஆண்டு விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி அப்படிப்பட்ட நாயை ஆபரேஷனுக்குப் பின் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பதால், அந்தத் தெருவில் அதற்குச் சோறு வைக்கும் ஒருவர் இருப்பார். அவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு, தத்தெடுத்த தெருநாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்ப்பது தத்தெடுத்தவர் பொறுப்பு என்கிறது. "சரிப்படலைன்னா விட்டுடலாம்" என்ற எண்ணத்தோடு எடுக்கிறவர்கள் தயவுசெய்து எடுக்காதீர்கள்.

அடுக்குமாடிச் சங்கம் "நாய் கூடாது" என்று நோட்டீஸ் ஒட்டினால், விலங்கு நல வாரியத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதலை அச்செடுத்துக் கொடுங்கள். வளர்ப்பு நாய்க்குச் சங்கம் தடை போட முடியாது என்று அதில் இருக்கிறது. எங்கள் செயலாளர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, லிப்டில் மட்டும் கயிறு கட்டிக் கூட்டிவரச் சொன்னார். நியாயமான கோரிக்கை. வாடகை வீடு வேறு கதை, அங்கே சட்டத்தைவிட வீட்டுக்கார அம்மாவிடம் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பேசி வைப்பதுதான் வேலை செய்யும்.

இவ்வளவு பாடும் ஏறக்குறைய முதல் ஆறு மாதம்தான். அதன்பின் நாட்டு நாய் வளர்ப்பதில் இருக்கும் சுகம் வேறு எதிலும் இல்லை. குட்டை முடி, சேலத்து வெயில் அதற்குப் புதிதில்லை, ஏசி கேட்காது. படுக்கும் இடத்தை அசிங்கம் செய்யாத பழக்கம் இயல்பிலேயே இருப்பதால் சீக்கிரம் வெளியே போகக் கற்றுக்கொள்ளும். கேட்டில் கை வைக்கிறவர் பால்காரரா புது ஆளா என்பதைக் குரைப்பிலேயே சொல்லிவிடும்.

மாம்பழக் காலத்தில் மட்டும் கொட்டையை எட்டாத இடத்தில் போடுங்கள். மல்கோவாவோ இமாம் பசந்தோ, வாசனைக்கு முழுக் கொட்டையையும் விழுங்கும். குடலில் அடைத்துக்கொண்டால் ஆபரேஷன்தான். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே கழுத்துப் பட்டையில் உங்கள் போன் நம்பரை எழுதிவிடுங்கள், வெடிக்குப் பயந்து ஓடிய நாய் வழி தெரியாமல் எங்கோ போய்விடும்.

ஏற்காட்டுக்குக் கூட்டிப்போனால் 20 கொண்டை ஊசி வளைவில் வாந்தி நிச்சயம். கிளம்புவதற்கு நான்கு மணி நேரம் முன் சாப்பாட்டை நிறுத்திவிட்டு, பின் சீட்டில் பழைய போர்வை விரியுங்கள். மேலே காட்டெருமை நடமாட்டம் உண்டு, எஸ்டேட் பாதையில் கயிற்றை அவிழ்க்காதீர்கள். உதிர்ந்த காப்பிப் பழத்தைத் தின்ன விடாதீர்கள், கஃபீன் நாய்க்கு ஆகாது. மழை நாளில் திரும்பி வந்ததும் நான்கு பாதத்தின் விரலிடுக்கையும் விரித்துப் பாருங்கள். அட்டைப்பூச்சி கடித்துக்கொண்டிருந்தால் பிடுங்காமல் உப்புத் தண்ணீர் விடுங்கள், தானே விழும். மூக்கில் ஒரு பக்கம் மட்டும் ரத்தம் வந்து நாய் தும்மிக்கொண்டே இருந்தால், ஓடைத் தண்ணீரில் இருந்து ஒன்று உள்ளே ஏறியிருக்கலாம். அதை எடுக்க டாக்டர்தான் வேண்டும்.