வாசலில் நிற்கும் மேப்பிள்

கனடாவுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது, வீட்டு வாசலில் நிற்கிற மேப்பிளின் இலைக்காம்பை ஒருக்கால் முறித்துப் பாருங்கள் என்பதுதான். பால் வடிந்தால் அது அநேகமாக நோர்வே மேப்பிள், ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து நட்டது. ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் எங்கள் தெருவில் எங்கு பார்த்தாலும் அதுதான். எல்ம் மரங்கள் நோய் வந்து செத்துப்போக, அந்த இடங்களை நிரப்ப நகரங்கள் இதைத்தான் அள்ளி நட்டன, ஏனென்றால் புகை, இறுகிய மண், பனிக்காலத்தில் தெருவுக்குக் கொட்டுகிற உப்பு எல்லாவற்றையும் தாங்கும். ஆனால் அதன் கீழே புல்கூட ஒழுங்காக முளைக்காது. அவ்வளவு அடர்ந்த நிழல், வேரும் மேலாகவே ஓடும், மிளகாய்க் கன்று வைக்க நினைக்கிறவர்கள் அந்தப் பக்கமே போகவேண்டாம். சிறகு விதைகள் கூரைப் பீலிக்குள் விழுந்து வசந்தத்தில் அங்கேயே முளைக்கும். கோடை முடிவில் இலையில் தார் தெளித்த மாதிரிக் கருப்புப் பொட்டுகள் வரும், அது பூஞ்சணம், மரத்துக்கு ஒன்றும் ஆகாது.

ஒக்ரோபரில் ஊரே சிவப்பு இலைக்கு முன்னால் நின்று படம் எடுக்கும்போது இது பச்சையாகவே நிற்கும். பிறகு மஞ்சளாகி, நவம்பர்க் குளிரில் மொத்தமாகக் கொட்டும், கூட்டி அள்ளிக் கடதாசிப் பைகளில் அடைத்து வெளியே வைப்பது நம் பாடு. (2012இல் வந்த பிளாஸ்டிக் 20 டொலர் தாளில் இருப்பது இந்த நோர்வே இலைதான் என்று தாவரவியலாளர்கள் குறைப்பட்டதும் நடந்தது.)

மேப்பிள் சிரப், அதாவது மரச்சாற்றைக் காய்ச்சி எடுக்கிற இனிப்புப் பாகு, தருவது வேறு மரம், சுகர் மேப்பிள். இரவு உறைந்து பகலில் உருகுகிற மார்ச் மாதத்தில் மரத்தில் துளையிட்டுச் சாறு எடுப்பார்கள். தண்ணீர் மாதிரி இருக்கும், சர்க்கரை ஏறக்குறைய 2 சதவீதம்தான், 40 லீற்றர் காய்ச்சினால் 1 லீற்றர். ஐரோப்பியர் வருமுன்பே இங்குள்ள பூர்வகுடிகளான அனிஷினாபே மக்கள் இதைச் செய்தார்கள். கருப்பநீர் காய்ச்சிப் பனங்கட்டி இறக்கிய மாமிக்கு இதை விளக்கவே தேவைப்படவில்லை, விலையைப் பார்த்து ‘அவ்வளவு விறகு போகுமெல்லோ’ என்றார்.

கடையில் வாங்கும்போது போத்தலின் பின்பக்கத்தைப் படியுங்கள். மலிவானது பெரும்பாலும் சோளச் சிரப்பில் மணம் சேர்த்தது. அப்புறம், பாலப்பத்துக்கு விட்டுச் சாப்பிடக் கடும் நிறத்ததை எடுங்கள், வெளிர்நிறச் சிரப் அதற்குப் போதாது.