பம்ப்பைக் கழற்றுமுன்

முல்லைத்தீவுக் கரையில் வாடை தணிந்து படகு இறக்குகிற நாட்களில், படகுக்குள்ளேயே பூட்டியிருக்கிற பழைய உள்ளிணைப்பு டீசல் எஞ்சின்களுக்கு வருகிற முறைப்பாடு அநேகமாக ஒன்றுதான்: கரையில் ஓடுது, கடலுக்குப் போய்ப் பத்து நிமிசத்தில் நிற்குது. உடனே சிலிண்டருக்கு டீசலை அமுக்கிப் பீச்சுகிற இன்ஜெக்டர் பம்ப்பில் ஸ்பனர் போடுவார்கள். அதுதான் வீண் செலவு. கோளாறு பெரும்பாலும் டீசல் தாங்கிக்கும், அதிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கிற லிப்ட் பம்ப்புக்கும் நடுவில் கிடக்கும்.

எஞ்சின் நின்றதும் தாங்கி மூடியைத் திறக்க வேண்டும். ‘உஸ்’ என்று காற்று உள்ளே போனால் தாங்கியின் காற்றுக் குழாய் அடைபட்டிருக்கிறது. மாரி முழுக்கச் சும்மா கிடந்த படகில் குளவி மண் வைத்து மூடியிருக்கும். ஒரு கம்பி போதும்.

சத்தம் இல்லையென்றால் 5 லீற்றர் கானில் சுத்தமான டீசலை எஞ்சினுக்கு மேலே கட்டி, லிப்ட் பம்ப்புக்கு நேரே கொடுத்து ஓட்டிப் பார்க்கலாம். நிற்காமல் ஓடினால் குற்றம் தாங்கிப் பக்கம். அரைத் தாங்கியோடு விட்ட படகில் உள்ளே வேர்த்த தண்ணி அடியில் நிற்கும், அதோடு கறுப்புச் சளியும். கரையில் அது அசையாது. அலையில் கலங்கிப் பில்டரை அடைக்கும். பில்டர் கோப்பையின் அடி நட்டைத் திறந்து போத்தலில் பிடித்தால் தண்ணி கீழே, டீசல் மேலே என்று பிரிந்து தெரியும்.

தண்ணி இல்லை, ஆனால் எஞ்சின் ஏறி இறங்கி ஓடுகிறதா? காற்று. குழாயில் கசிவு இல்லையே என்று நம்பக்கூடாது. இழுக்கிற பக்கத்து வெடிப்பு டீசலை வெளியே விடாமல் காற்றை உள்ளே இழுக்கும். லிப்ட் பம்ப்புக்கு முன்னால் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய் ஒரு முழம் போட்டால் குமிழி ஓடுவது தெரியும். குழாய் இணைப்பின் பழைய செப்பு வாசரைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணியில் போட்டால் இளகித் திரும்பப் பிடிக்கும்.

உள்ளே புகுந்த காற்றை நட்டைத் தளர்த்தி வெளியேற்றுவது பில்டர் நட்டில் தொடங்கி, பிறகு பம்ப், கடைசியில் இன்ஜெக்டர் குழாய் நட்டு. தெறிக்கிற டீசலுக்குக் கை காட்டக்கூடாது, தோலைத் துளைக்கும். கையால் டீசல் ஏற்றுகிற லிப்ட் பம்ப்பின் கைநெம்பு தளர்வாக ஆடினால் பம்ப் பழுதென்று புதிசு வாங்குவார்கள். எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால், பம்ப்பைத் தள்ளுகிற எஞ்சின் கேம் விலகி நெம்பு பிடிக்கும். புகைக்குழாய்க்குள் கடல் தண்ணி விடுகிற எஞ்சினென்றால் ஸ்டார்ட் பண்ணச் சுற்றும்போது கடல் தண்ணி வால்வைப் பூட்டி, எஞ்சின் பற்றியவுடன் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணி சிலிண்டருக்கு ஏறும்.

ஒயில் குச்சியில் மட்டம் கூடி டீசல் மணத்தால் லிப்ட் பம்ப்பின் ரப்பர் தட்டுக் கிழிந்திருக்கலாம். அந்த ஒயிலோடு இன்னொரு தரம் ஸ்டார்ட் பண்ணக்கூடாது.