வலிக்கவே வலிக்காதும்மா

என்ன வேலை பாக்கறன்னு சொந்தக்காரங்க கேட்டா 'ஆஸ்பத்திரி சாமானெல்லாம் டெஸ்ட் பண்றேன்'னு சொல்லிட்டு நகந்துடுவேன். உண்மைல சாமான டெஸ்ட் பண்றது வேற ஆளுங்க, அத கைல எடுக்கறவங்க எங்க தடுமாறுறாங்கன்னு பக்கத்துல உக்காந்து பாக்கறதுதான் நாங்க, அதுவும் வாய மூடிக்கிட்டு. அந்த வாய மூடறதுதான் வேலையிலயே கஷ்டம்.

போன மாசம் கிண்டில ஒரு வாடகை ரூம்ல இன்சுலின் பென் டெஸ்ட், அதாவது சுகர் மருந்த போட்டுக்கற பேனா மாதிரி ஊசி. ஒரு சோபா, ஒரு டேபிள், ரெண்டு கேமரா, வயித்துல கட்டிக்க ஸ்பாஞ்ச் பேட், பென்ல நிஜ மருந்து கிடையாது. ஏழாவது ஆளா சைதாப்பேட்டைலேர்ந்து ஒரு அம்மா, 60 தாண்டிருக்கும், மகனோட வந்தாங்க. மகன வெளிய உக்கார வெக்கவே பத்து நிமிஷம் ஆச்சு, நம்ம ஊர்ல அம்மாகிட்ட கேள்வி கேட்டா பையன்தான பதில் சொல்வான்.

அம்மா நீடில திருகுனாங்க, பெரிய மூடிய கழட்டுனாங்க, டோஸ் வெச்சாங்க, பேட்ல அழுத்தி பட்டன அமுக்கி பத்து வரைக்கும் எண்ணுனாங்க, எல்லாம் அழகா. அதுக்குள்ள ஊசி மேல இருக்கற குட்டி மூடிய மட்டும் கழட்டல. விட்டதெல்லாம் அந்த மூடிக்குள்ளயே தேங்கி, ஒரு சொட்டு சேலைல விழுந்துது. 'முடிஞ்சுதும்மா'ன்னு சிரிச்சாங்க. நான் குறிப்பெழுதற பேனாவ இறுக்கிப் புடிச்சிக்கிட்டு 'சரிம்மா'ன்னேன்.

'வீட்லயும் இப்படித்தான் போட்டுக்குவீங்களா?'

'ஆமாம்மா, மூணு வாரமா. பழைய ஊசி சுருக்குங்கும், இது வலிக்கவே வலிக்காது. ஆனா பாரு, சுகருதான் 300க்கு கீழ எறங்கவே மாட்டேங்குது, டாக்டரும் டோஸ ஏத்திக்கிட்டே போறாரு.'

வயித்த கலக்கிடுச்சு எனக்கு.

முன்னாடி அவங்க போட்டது பாட்டில் மருந்து, சிவப்பு மூடி சிரிஞ்ச், ஊசி மேல ஒரே ஒரு மூடி. பென்னோட வந்த பேப்பர்ல தமிழ்லயே 'உள் ஊசி மூடியை அகற்றவும்'னு போட்டிருக்கு. படிக்கச் சொன்னேன், சத்தமா படிச்சாங்க, படிச்சிட்டு 'அதான் கழட்டிட்டேனே'ன்னாங்க. அவங்களுக்கு மூடின்னா ஒரு மூடிதான், யார் மேல தப்பு? அமெரிக்காவுல 2017ல இதே உள்மூடி விஷயத்துக்கு எச்சரிக்கையே விட்டாங்க, ஆஸ்பத்திரில தானா மூடி விலகற நீடில்ல கத்துக்குடுத்து அனுப்புன ஒருத்தர் வீட்ல சாதா நீடில மூடியோட போட்டு கடைசில செத்தே போயிட்டாங்க.

வீடியோ கால்ல பாத்துட்டிருந்த பென் கம்பெனிக்காரரு 'வயசானவங்க, கவனிக்கல, இத கணக்குல சேக்க வேணாமே'ன்னாரு. பொறுமையா சொல்லிப் பாத்தேன், ஆஸ்பத்திரி சாமான எப்படி பயன்படுத்தறாங்கன்னு பாக்கறதுக்கான சர்வதேச விதி ஐஇசி 62366, அது சொல்றது யூசர் எரர் (ஆளோட தப்பு) இல்ல சார், யூஸ் எரர்தான் (பயன்படுத்தறப்ப நடக்கற தப்பு), ஃபைனல் டெஸ்ட்ல ஒரு குரூப்புக்கு குறைஞ்சது 15 பேர்னு அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ சொல்றதும் சதவீதம் போடறதுக்கு இல்ல, ஒருத்தர் தப்பு பண்ணாலும் ஏன்னு தோண்டறதுக்குன்னு. அவரு மியூட்ல போயிட்டாரு.

அத விட பெரிய தலைவலி இங்க இருந்துது. 'மூடிய கழட்டிட்டு போடுங்கம்மா'ன்னு மட்டும் சொல்லி அனுப்பியிருந்தா அன்னிக்கு ராத்திரியே ஆபத்து, ஏத்தி வெச்ச டோஸ் முழுசா உடம்புல எறங்குனா சுகர் தடால்னு கீழ போயிடும். மகன கூப்பிட்டு அங்கயே டாக்டருக்கு போன் போட வெச்சோம், அவரு டோஸ பாதிக்கு மேல கொறச்சிட்டு காலைல வந்து பாக்கச் சொன்னாரு.

அம்மா எல்லாத்தையும் கேட்டுட்டு அந்தக் குட்டி மூடிய கைல உருட்டிக்கிட்டே இருந்தாங்க.

'அப்ப இனிமே வலிக்குமா?'

'கொஞ்சம் வலிக்கும்மா.'