கடைசிக் கல்லை எங்கே போடுவீர்கள்? ஒரு மாநாட்டு முன்மொழிவைப் பற்றி

கடந்த வாரம் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இளம் பொறியாளர் ஒருவர், கடலோரப் பொறியியல் மாநாடு ஒன்றில் பேசுவதற்காகத் தாம் எழுதிய முன்மொழிவை அச்சிட்டு எடுத்துவந்து, "மேடம், ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க, அடுத்த வாரம் கடைசி நாள்" என்று என் மேசையில் வைத்தார். முந்நூறு சொற்களுக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. இந்தியக் கடற்கரை 7,516 கிலோமீட்டர் நீளமுள்ளது என்று தொடங்கி, கடலரிப்பு எவ்வளவு பெரிய சிக்கல் என்றும், பருவநிலை மாற்றம் அதை எப்படி மோசமாக்குகிறது என்றும் பாதித் தாளுக்கு மேல் விளக்கி, "ஆய்வின் முடிவுகள் மாநாட்டில் விரிவாக விவாதிக்கப்படும்" என்று முடிந்தது. எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிய ஒரு சிறு கரைப்பகுதியில் மாதந்தோறும் வெயிலில் நடந்து அவர் அளந்த வேலை மட்டும் நடுவில் ஒரே ஒரு வரியில் கிடந்தது.

அன்று மாலை நாங்கள் இருவரும் திருவொற்றியூர் தேரடி மெட்ரோ நிலையத்துக்கு அருகே தேநீர் குடித்தபடி ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அந்தத் தாளைப் பற்றியே பேசினோம். அப்போது அவரிடம் சொன்னவற்றையும், சொல்ல விட்டுப்போனவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். நம் பகுதியிலிருந்து களத்தில் நல்ல வேலை செய்கிறவர்கள் பலர் இந்த ஒரு பக்கத் தாளில் தடுக்கி மேடை ஏறாமலே போய்விடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

என் முதல் முன்மொழிவின் தலைப்பு "வடசென்னைக் கடலரிப்பு: காரணங்களும் தீர்வுகளும்" என்பதாகும். அதில் சென்னைத் துறைமுகத்தின் கதையைத்தான் முக்கால் பங்கு எழுதியிருந்தேன். நம் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் அலையோடு தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் சில மாதங்கள் மட்டும் திசை மாறுகிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் மிச்சம் வடக்கு நோக்கியே போகிறது. 1870களில் கட்டத் தொடங்கிய செயற்கைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் அந்த மணலை மறித்ததால், தெற்கே மெரினா அகன்றுகொண்டே போனது. வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை தேய்ந்துகொண்டே வந்தது. இது முழுக்க உண்மை. ஆனால் கடலோரப் பொறியியல் மாநாட்டுக்கு வரும் எவருக்கும் இது தெரியாத செய்தி அன்று. "எடுத்துக்கொண்ட பரப்பு மிகப் பெரியது; புதிதாக என்ன சொல்லப் போகிறீர்கள் என்பது விளங்கவில்லை" என்று இரண்டு வரியில் மறுப்பு வந்தது. படித்தவுடன் மனம் கசந்தாலும், சில நாள் கழித்து எடுத்துப் பார்த்தபோது அந்த இரண்டு வரியும் சரி என்றே பட்டது. கேட்க வருபவர் ஏற்கெனவே அறிந்ததைச் சொல்வதற்கே என் இடத்தை எல்லாம் செலவிட்டிருந்தேன்.

அடுத்த முன்மொழிவுக்கான விதை ஒரு பெரியவரின் கேள்வியிலிருந்து கிடைத்தது. திருவொற்றியூர்க் குப்பம் ஒன்றில் கரையின் குறுக்குவெட்டை அளந்துகொண்டிருந்தபோது, படகின் நிழலில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்த அவர், கடலுக்குள் கல் கொட்டி அமைத்திருக்கும் தூண்டில் வளைவைக் காட்டி, "கல்லுக்குத் தெக்கால மணல் நிக்குது, வடக்கால கரைய அறுத்துனு போவுது. அதுக்கு வடக்கால இன்னொரு கல்லு போடுறீங்கோ. கடைசிக் கல்லை எங்கம்மா போடுவீங்கோ?" என்று கேட்டார். மணல் வரும் திசையில் தூண்டில் வளைவு அதைப் பிடித்துக்கொள்வதும், மறுபக்கத்தில் பசித்த அலை கரையைத் தின்பதும் பாடப்புத்தகத்தில் உள்ளவைதாம். ஆனால் "கடைசிக் கல் எங்கே" என்ற கேள்வியில் ஓர் இடமும், ஓர் எல்லையும், முடிவெடுத்தாக வேண்டிய பொறியாளரின் சங்கடமும் ஒன்றாக இருந்தன. அதையே மையமாக வைத்து, வரிசையின் கடைசித் தூண்டில் வளைவுக்கு வடக்கே உள்ள கரையை மட்டும் எடுத்துக்கொண்டு எழுதினேன். அந்த ஆண்டு ஏற்றுக்கொண்டார்கள்.

முன்மொழிவு எழுதுவதில் கடினமான வேலை எழுதுவதற்கு முன்பே நடந்து முடிகிறது என்பது அன்றிலிருந்து என் உறுதியான எண்ணம். கேள்வி போதிய அளவு சிறுத்துவிட்டதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பதினைந்து நிமிட உரையும் ஐந்து நிமிட வினாவிடையும் என்று வகுத்திருக்கும் அமர்வில் ஒரு கேள்வியைத்தான் எழுப்பி, சான்று காட்டி, விடை சொல்லி இறங்க முடியும். மூன்று கேள்விகள் இருக்கின்றன என்றால் அவை மூன்று முன்மொழிவுகள். அவற்றில் கைவசம் அதிகச் சான்று உள்ள ஒன்றை அனுப்பிவிட்டு மற்றவற்றை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

நூலின் முகப்பில் வரும் சிறப்புப் பாயிரம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று நம் இலக்கண மரபு பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வரையறுத்து வைத்திருக்கிறது: ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், கேட்பதால் வரும் பயன் என்று எட்டு. பள்ளியில் மனப்பாடம் செய்த இந்த எட்டையும் இன்றைய மாநாட்டுப் படிவத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் இருக்கும். நாம் எல்லோரும் பொருளை மட்டும் விரித்து எழுதிவிட்டு, எல்லையையும் கேட்போரையும் பயனையும் விட்டுவிடுகிறோம். மதிப்பீட்டாளர் தேடுவதோ பெரும்பாலும் அந்த மூன்றைத்தான், ஏனென்றால் ஒரு நாள் நிகழ்ச்சியை நிரப்ப வேண்டிய அவருக்கு, இந்த உரையைக் கேட்க யார் வந்து உட்காருவார்கள், எழுந்து போகும்போது எதைக் கொண்டுபோவார்கள் என்பதே முதல் கவலை.

"கடலரிப்பு பற்றிய விழிப்புணர்வு ஏற்படும்" என்பதைப் பயன் என்று ஏற்க முடியாது. "தூண்டில் வளைவு வரிசையை எங்கே முடிப்பது என்று தீர்மானிக்கும் வடிவமைப்புப் பொறியாளர், முடிவுக்கு அப்பால் உள்ள கரையில் கட்டுமானத்துக்கு முன்பே எந்த அளவுகளை எடுத்து வைத்திருக்க வேண்டும் என்று அறிந்து செல்வார்" என்று எழுதினால், யாருக்கு, என்ன, எதற்கு என்ற மூன்றும் ஒரே வாக்கியத்தில் வந்துவிடுகின்றன. இந்த ஒரு வாக்கியத்தை முதலில் எழுதிவிட்டு மற்றவற்றைப் பிறகு எழுதுவது என் வழக்கம். நான் அதை முதலில் தமிழில்தான் எழுதுவேன், முன்மொழிவு ஆங்கிலத்தில் போக வேண்டியதாக இருந்தாலும். வலை பின்னிய அந்தப் பெரியவரிடம் சொல்வதுபோல் எழுதும்போது, கலைச்சொற்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள இடமில்லாமல் போகிறது.

அடுத்தது சான்று. சில ஆண்டுகளாக நானும் மதிப்பீட்டுக் குழு ஒன்றில் இருக்கிறேன்; ஒரே வாரத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட முன்மொழிவுகளை, அலுவலக வேலை முடிந்த பிறகு, சில சமயம் ரயிலில் கைப்பேசியிலேயே படிக்க நேர்கிறது. அப்படிப் படிக்கும்போது என் கண் நேராக எண்களிடம்தான் போகிறது. ஒருமுறை, செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டதில் கரை 8 மீட்டர் உள்வாங்கியிருக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் எடுத்துக்கொண்டவை லேண்ட்சாட் படங்கள்; அவற்றில் ஒரு படப்புள்ளி (பிக்சல்) தரையில் 30 மீட்டர். 2015இல் ஏவப்பட்ட சென்டினல்-2 படங்களில்கூட அது 10 மீட்டர். அதோடு சென்னையில் ஓதத்தால் கடல்மட்டம் அன்றாடம் ஏறி இறங்கும் உயரம் சுமார் ஒரு மீட்டர். கரையின் சரிவு இருபதுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால், ஒரே நாளில் நீர்விளிம்பு 20 மீட்டர் முன்னும் பின்னும் நகரும். படம் எடுத்த நேரத்தில் ஓதம் எந்த நிலையில் இருந்தது, அதற்கு எப்படித் திருத்தம் செய்தார், ஒரு புள்ளிக்கும் குறைவான நகர்வை எந்த முறையால் கண்டுபிடித்தார் என்று அவர் ஒரு சொல்லும் எழுதவில்லை. அவர் திருத்தம் செய்தே இருக்கலாம். ஆனால் தாளில் இல்லாததை நான் ஊகித்து மதிப்பெண் போட முடியாது.

"ஓதத் திருத்தம் செய்யப்பட்டது, பிழை வரம்பு இவ்வளவு மீட்டர், களத்தில் இத்தனை இடங்களில் நேரடியாக அளந்து சரிபார்க்கப்பட்டது" என்ற ஒரு வரி இருந்திருந்தால் அது முன்னணிக்கு வந்திருக்கும். பிழை வரம்பைச் சொன்னால் வேலை பலவீனமாகத் தெரியும் என்று இளைஞர்கள் பலர் அஞ்சுகிறார்கள். அளந்து பழகிய எவரும் அதை அப்படிப் பார்ப்பதில்லை. எது தெரியும், எவ்வளவு உறுதியாகத் தெரியும் என்று சொல்பவரின் கையில் மேடையைக் கொடுக்க யாரும் தயங்குவதில்லை.

"முடிவுகள் மாநாட்டில் விவாதிக்கப்படும்" என்ற வாக்கியத்தை நான் மிகக் கடுமையாகவே எதிர்க்கிறேன். முடிவு கையில் இருந்தால் அதை ஏன் மறைக்க வேண்டும்? இது மர்மக் கதை அன்று. விடை முன்பே தெரிந்துவிட்டால் கேட்க வரமாட்டார்கள் என்று கவலைப்பட வேண்டியதில்லை, அந்த விடை எப்படிக் கிடைத்தது என்று கேட்கத்தான் வருவார்கள். முடிவு இன்னும் கையில் இல்லை என்றால், ஆறு மாத அளவீட்டில் நான்கு மாதம் முடிந்திருக்கிறது, இதுவரை தெரிவது இது, மாநாட்டுக்கு முன் எஞ்சியதும் முடியும் என்று உள்ளதை உள்ளபடி எழுதலாம். அப்படி எழுதியவற்றை நான் உயர்த்தி மதிப்பிட்டிருக்கிறேன்.

பின்னணியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் இளையவர் தொடக்கத்தில் வைத்திருந்த 7,516 கிலோமீட்டர் என்பது நாம் எல்லோரும் பள்ளியில் படித்த பழைய எண். நுணுக்கமான வரைபட அளவில் மறுபடி அளந்து, அதை இப்போது 11,098 கிலோமீட்டர் என்று அரசு வெளியிட்டிருக்கிறது. வாதத்துக்குத் தேவையில்லாத ஒரு வாக்கியத்தைப் பழக்கத்தால் சேர்த்து, அதிலேயே பிழையும் செய்தால், மற்ற எண்களின் மேலும் மதிப்பீட்டாளருக்கு ஐயம் எழும். பின்னணிக்கு இரண்டு வாக்கியம் போதும், அதுவும் உங்கள் கேள்வி பிறந்த இடத்தைக் காட்டுவதாக இருக்க வேண்டும்.

தலைப்பை எல்லாவற்றுக்கும் கடைசியில் வையுங்கள். "ஒரு பார்வை", "ஓர் ஆய்வு", "காரணங்களும் தீர்வுகளும்" போன்ற வால்களை வெட்டிவிட்டு, இடத்தையும் கேள்வியையும் தலைப்பிலேயே கொண்டுவரலாம். பெயர் மறைத்து மதிப்பிடும் மாநாடுகளில் உரைக்குள் உங்கள் பெயரோ நிறுவனத்தின் பெயரோ வரக்கூடாது. "எங்கள் முந்தைய ஆய்வில்" என்று எழுதினாலே அடையாளம் தெரிந்துவிடும். வாடிக்கையாளரின் தரவு என்றால் எழுத்து மூலமான அனுமதி கையில் வந்த பிறகே அனுப்ப வேண்டும். ஏற்றுக்கொண்ட பிறகு பின்வாங்குவது அமைப்பாளர்களுக்குப் பெரும் தொல்லை. தன்விவரக் குறிப்பில் பட்டங்களைவிட, இந்தப் பொருளோடு உங்களுக்கு உள்ள தொடர்பு முக்கியம்: இந்தக் கரையில் எத்தனை ஆண்டு அளந்திருக்கிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். கடைசி நாளுக்குப் பக்கத்தில் "ஏஓஈ" என்று போட்டிருந்தால், உலகின் எந்த மூலையிலாவது அந்தத் தேதி முடியாமல் இருக்கும்வரை என்று பொருள். நம் கணக்கில் அது மறுநாள் மாலை ஐந்தரை மணி. அந்த அவகாசத்தை நம்பி இருக்காமல் முந்தின நாளே அனுப்பிவிடுவது நல்லது.

தேநீர்க் கடையில் அந்த இளையவர் தாளின் பின்பக்கத்தில் மறுபடியும் எழுதத் தொடங்கினார். கடற்கரையின் நீளமும் பருவநிலை மாற்றமும் போயின. "எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டி, கல் தடுப்புச் சுவர் முடியும் இடத்தில், ஒரு பருவக்காற்றுக் காலத்துக்கு முன்னும் பின்னும் கரையின் சரிவு எப்படி மாறுகிறது?" என்று முதல் வரி வந்தது. மாதந்தோறும் எடுத்த அளவுகள் இரண்டாம் வரிக்கு ஏறின. பிழை வரம்பை எழுதும் இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. ஒவ்வொரு மாதமும் ஒரே புள்ளியிலிருந்துதான் அளந்தாரா என்று கேட்டேன். சுவரில் சுண்ணாம்பால் போட்டிருந்த அடையாளம் மழையில் அழிந்துவிட்டது என்றும், கடைசி இரண்டு முறையும் நினைவை வைத்துத்தான் நின்ற இடத்தைத் தீர்மானித்ததாகவும் ஒப்புக்கொண்டார். பழைய புகைப்படங்களில் பின்னணியில் ஒரு மின்கம்பம் தெரிவதைப் பார்த்தோம். அதிலிருந்து அளந்தால் அந்தப் புள்ளியை மறுபடி கண்டுபிடித்துவிடலாம்; இரண்டு முறை நின்ற இடமும் எவ்வளவு விலகியிருந்தது என்பதும் தெரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலை, ஓதம் வற்றும் நேரத்துக்கு அங்கே போகிறோம். டேப்பின் மறுமுனையை நான் பிடித்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறேன்.