நற்பயண அன்னையும் 250 பேசோ ட்ரைசைக்கிளும்

முதலில் புலம்பிவிடுகிறேன். மணிலாவுக்குப் பக்கத்து ஊரான அந்திப்போலோவின் ரயில் ஸ்டேஷனில் இறங்கினால் அந்திப்போலோ மாதா கோயில் வந்துவிடாது. இதை எவராவது ஒரு வரி எழுதி வைத்திருந்தால் எனக்கு இருநூறு பேசோவுக்கு மேல் மிச்சமாகியிருக்கும். (நானும் ‘ஆன்டிப்போலோ’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்கள் வாயில் அது சுத்தமான ‘அந்தி’.)

மணிலாவின் எல்ஆர்டி-2 ரயில் 2021 ஜூலையில்தான் இந்த ஸ்டேஷன்வரை நீண்டது. நகரத்தின் நடுவே ரெக்தோவில் ஏறினேன், நாற்பது பேசோகூட ஆகவில்லை. ஏசி, உட்கார இடம், ஜன்னல். பயணிகளைக் காக்கிற மாதாவைப் பார்க்கப் போகும்போது பயணம் இப்படித்தானே இருக்க வேண்டும் என்று பூரித்துப்போய் இறங்கினால், எதிரே ஒரு மால், கீழே லாரி ஓடும் நெடுஞ்சாலை. கோயிலைக் காணோம். அது இன்னும் சில கிலோமீட்டர் தள்ளி, மலைமேல்.

என் முழியைப் பார்த்ததுமே ஒரு ட்ரைசைக்கிள்காரர் வந்துவிட்டார். மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் தகரப் பெட்டி ஒன்றை ஒட்டவைத்த வண்டி, நம்ம ஷேர் ஆட்டோவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. முந்நூறு என்றார். நூறு என்றேன். வானத்தைப் பார்த்தார், வெயிலைக் காட்டினார், மலையைக் காட்டினார். 250க்குப் படிந்தது. உள்ளே உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் இடிக்கிறது. சுமுலோங் நெடுஞ்சாலை ஏற்றத்தில் வண்டி இருமி இருமி ஏறும்போது, நம்ம மினிபஸ் மாதிரியான ஜீப்னிகள் ஒவ்வொன்றாக எங்களைத் தாண்டிப் போயின. அத்தனையிலும் கோயிலுக்குப் போகிற குடும்பங்கள், மடியில் குழந்தைகள், கையில் விசிறி. திரும்பும்போது நானும் அதே ஜீப்னியில்தான் வந்தேன். கட்டணம் முப்பது பேசோவுக்குள். வயிறு எரிகிறதா இல்லையா?

சரி, ஏன் போனேன் என்று சொல்லவில்லையே. சிங்கப்பூரில் என் ஆபீஸில் ஒரு பிலிப்பினோ அக்கா இருக்கிறார். அவர்கள் ஊரில் அக்காவை ‘ஆத்தே’ என்கிறார்கள், கூப்பிடும்போதெல்லாம் எனக்கு ஏதோ மதுரைப் பக்கம் இருப்பதுபோல இருக்கும். மலிவாக மணிலா டிக்கெட் கிடைத்தது என்று சொன்னதும் ஆத்தே கேட்ட முதல் கேள்வி, “அந்திப்போலோ போறியா?” பதினாலு வருஷத்துக்கு முன்னால் சிங்கப்பூருக்கு விமானம் ஏறும் முந்தைய நாள் அவர் அங்கே போய்த்தான் வந்தாராம். “எனக்காக ஒரு மெழுகுதிரி. மறந்துடாதே.”

மாதாவின் பெயர் ‘அமைதிக்கும் நற்பயணத்துக்குமான அன்னை’. பெயர் சும்மா வரவில்லை. மெக்சிகோவில் கருமரத்தில் செதுக்கிய சுரூபம் இது. 1626 மார்ச் 25 அன்று அக்காபுல்கோ துறைமுகத்திலிருந்து, பிலிப்பைன்ஸின் புது ஸ்பானிய ஆளுநர் ஹுவான் நின்யோ தே தாபோராவோடு கப்பலேறி, ஜூலை 18இல் மணிலா வந்து சேர்ந்தது. கிட்டத்தட்ட நாலு மாதம் பசிபிக் கடலில். பிறகு அந்திப்போலோவில் ஏசு சபைப் பாதிரிமார் கோயில் கட்டியபோது, சுரூபம் அடிக்கடி காணாமல் போய் ஒரு மரத்தில் போய் இருக்குமாம். அந்த மரத்துக்கு திப்போலோ என்று பேர், நம்ம சீமைப்பலாவுக்குச் சொந்தம். ஊருக்குப் பேர் வந்ததும் அதிலிருந்துதான். கடைசியில் அம்மாவின் இஷ்டப்படியே ஆகட்டும் என்று அந்த மரத்தையே வெட்டிப் பீடமாக்கிவிட்டார்கள். மரத்தைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருக்கும் என்று தெரியவில்லை.

எனக்குப் பிடித்தது அடுத்த கட்டம். 1639இல் சீனர்கள் கலகம் செய்தபோது கோயிலுக்குத் தீ வைத்துச் சுரூபத்தையும் நெருப்பில் போட்டார்கள், அது கருகாமல் தப்பியது என்கிறார்கள். அதற்குப் பிறகு 1640களில் இந்த அம்மாவைத் திரும்பத் திரும்பப் பாய்க்கப்பலில் ஏற்றி அக்காபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் அனுப்பியிருக்கிறார்கள். துணைக்கு! சீனப் பட்டுத்துணி ஏற்றிக்கொண்டு போய் மெக்சிகோ வெள்ளியோடு திரும்பும் கப்பல்கள் அவை. ஒன்று மூழ்கினால் மணிலா வியாபாரிகள் பாதிப் பேர் தெருவுக்கு வரவேண்டியதுதான். பசிபிக்கை இத்தனை முறை தாண்டிய மாதா முன்னால், சிங்கப்பூரிலிருந்து மூணரை மணி நேரம் பறந்து வந்ததற்கே இடுப்பு வலி என்று முனகும் நான்.

ஞாயிற்றுக்கிழமை, மே மாதம். யாத்திரைக் காலமே மே மாதத்தில்தான் தொடங்குகிறது. ஏப்ரல் 30 ராத்திரி மணிலாவின் கியாப்போவிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம் விடிய விடிய நடந்தே வருகிறார்கள், பெரிய வியாழன் இரவும் அப்படித்தான். நான் போனது அந்தக் கூட்டம் வடிந்த பிறகு. அதற்கே வாசல்வரை ஆள். இப்போதிருக்கும் வெள்ளைக் கோயில் 1954இல் கட்டி முடித்தது, மேலே பெரிய குவிமாடம். பழையது 1945இல் குண்டுவீச்சில் போய்விட்டது. அழகு என்று சொல்ல மாட்டேன். ஏதோ அரசாங்க அரங்கம் மாதிரி இருந்தது. ஆனால் உள்ளே போனதும் கண் நேராகப் பீடத்துக்குமேல் போய் நிற்கிறது. தங்க ஜரிகை அங்கி, தலையில் கிரீடம், நடுவில் கறுத்த சின்ன முகம். 1926 நவம்பர் 28 அன்று இந்த மாதாவுக்கு முடிசூட்டிய விழா மணிலா லுனேத்தா மைதானத்தில் நடந்திருக்கிறது.

போர்க்காலத்தில் இதே சுரூபத்தைக் கம்பளியில் சுற்றி, காலி பெட்ரோல் டிரம்முக்குள் வைத்து, ஒரு சமையலறைத் தரையில் புதைத்துக் காப்பாற்றினார் கோயில்பிள்ளை ஒருவர். 1945 அக்டோபரில்தான் ஊருக்குத் திரும்பி வந்தாள். ஜரிகை அங்கியைவிட எனக்கு அந்த டிரம்தான் கண்ணிலேயே நிற்கிறது.

பூசை தகலாக் மொழியில். ஒன்றும் புரியவில்லை, எழுந்தபோது எழுந்தேன், உட்கார்ந்தபோது உட்கார்ந்தேன். எனக்கு முன்வரிசையில் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயசுப் பெண். பக்கத்தில் அவள் அம்மா. பெண்ணின் மடியில் பழுப்புக் கவர், வாய் திறந்திருந்ததால் உள்ளே பாஸ்போர்ட்டின் ஓரம் தெரிந்தது. பூசை முடியும்வரை அம்மாவின் கை அந்தக் கவர்மேலேயே இருந்தது. பெண்ணின் கையைக்கூடப் பிடிக்கவில்லை. கவரைத்தான் அழுத்திப் பிடித்திருந்தார். துபாயோ, ஹாங்காங்கோ, எங்கேயோ. ஆத்தேயும் பதினாலு வருஷத்துக்கு முன்னால் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார்.

பிலிப்பைன்ஸின் தேசிய நாயகன் ஹோசே ரிசால் இங்கே வந்ததும் நேர்த்திக்கடனுக்குத்தான். பிரசவத்தில் பிழைத்தால் பிள்ளையை அனுப்புவதாக அவர் தாய் நேர்ந்துகொள்ள, 1868 ஜூனில் அப்பாவோடு வந்தபோது அவருக்கு ஏழு வயசு நிறையவில்லை.

வெளியே வந்தால் வேறு உலகம். புதுக் கார், பழைய வேன், பைக் எல்லாம் வரிசை. பாதிரியார் வருமுன் நாலு கதவையும் திறக்கிறார்கள், டிக்கியைத் திறக்கிறார்கள், பானெட்டையும் தூக்குகிறார்கள். அவர் மந்திரித்த தண்ணீரை ஸ்டீயரிங்குக்கு, சீட்டுக்கு, எஞ்சினுக்கு என்று தெளித்துக்கொண்டே போகிறார். எலுமிச்சம்பழம் மட்டும்தான் இல்லை, மற்றபடி ஆயுதபூஜையேதான். என் ட்ரைசைக்கிள்காரரும் இங்கே மந்திரித்திருப்பார் போல, அந்த எஞ்சின் மலை ஏறியதற்கு வேறு காரணம் கிடையாது.

ஆத்தேயின் மெழுகுதிரியை ஏற்றினேன். அனலில் மெழுகுதிரிகள் ஒன்றோடொன்று சாய்ந்து ஒட்டிக்கொண்டு நின்றன. நான் வைத்ததும் இரண்டு நிமிஷத்தில் பக்கத்தில் இருந்ததன்மேல் தலை சாய்த்துவிட்டது.

இனி சாப்பாடு. இதற்காகவே இன்னொரு தடவை போகலாம். கோயிலைச் சுற்றி வரிசையாகக் கடைகள், எல்லாவற்றிலும் வறுத்த முந்திரியும் சுமனும். சுமன் ஆள் பேர் இல்லை. பசையரிசியைத் தேங்காய்ப்பாலோடு சேர்த்து, பனையோலை மாதிரியான இளம் ஓலையைச் சுருள் சுருளாகச் சுற்றிக் குழாயாக்கி வேகவைத்தது. ஓலையின் நுனியைப் பிடித்து இழுத்தால் ரிப்பன்போலப் பிரிந்துகொண்டே வருகிறது, உள்ளே ஓலை வரி பதிந்த பளபள வெள்ளை. கார்த்திகைக்கு எங்கள் பாட்டி செய்யும் ஓலைக் கொழுக்கட்டையின் வாசனை! கருப்பட்டி மட்டும் இல்லை. சர்க்கரையில் புரட்டி, பழுத்த மாம்பழத்தோடு கொடுத்தார்கள். நின்றபடியே நாலு. பத்து வைத்த கட்டு ஒன்றை நூற்றைம்பது பேசோவுக்கு வாங்கிக்கொண்டேன். முந்திரி விலையைக் கேட்டதும் பண்ருட்டியை நினைத்து நகர்ந்துவிட்டேன்.

ஹினுலுகாங் தக்தக் அருவியும் பக்கம்தான். சத்தம் தாங்கவில்லை என்று கோயில் மணியை ஊரார் அங்கே தள்ளிவிட்டதாகக் கதை. போகவில்லை. கையில் சுமன், வானத்தில் மழை.

திங்கட்கிழமை ஆபீஸில் ஆத்தேயிடம் கட்டைக் கொடுத்தேன். மெழுகுதிரி போட்டோவைப் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தார். ட்ரைசைக்கிள் கதையைச் சொன்னதும் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பிறகு ஒரு சுமனை எடுத்து ஓலை நுனியைத் தேடிக்கொண்டே, “இது எவ்வளவுக்கு வாங்கினே?” என்றார்.

சொன்னேன். மறுபடியும் மேசையைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்.